கடைசிப் பெண்ணின் நீட்டிய கை

நஜுல்ஹமாமில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசற்படியில் கொஞ்சம் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் இருக்கிற எண்பது வீட்டு வாசற்படிக் கல்லும் பழைய கோயில் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை, ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவராது, தடுக்கும். நைல் ஆற்றின் மேற்குக் கரையில், கரும்புத் தோட்டம் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஊர். ஊருக்குப் பின்னால் கழுத்துவரை மணலில் புதைந்து கிடந்தது கோயில். எந்த ராஜா கட்டினான், உள்ளே எந்தத் தெய்வம் இருந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. நல்ல கல், அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: செதுக்கிய பக்கம் மேலே தெரியக் கூடாது, கல்லைக் கவிழ்த்துத்தான் பதிக்க வேண்டும், அதில் இருக்கிறவர்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும், வீட்டுக்குள் யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்கிற விவரம் அவர்களுக்கு எதற்கு. அப்படியே தலைமுறை தலைமுறையாக மிதித்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த வருஷம் கரும்பு வெட்டு முடிந்த கையோடு தொல்பொருள் இலாகாவிலிருந்து நிவீன் என்கிற பெண் அதிகாரி வந்து இறங்கி, மணலை அள்ளச் சொன்னார். தோண்டுகிற வேலையில் மேஸ்திரியை அங்கே ரயீஸ் என்பார்கள். இந்த வேலைக்கு வந்தவர் ரயீஸ் மவ்ஜூத், கல்லை முகர்ந்து பார்த்தே எந்த மலையில் வெட்டியது என்று சொல்லக்கூடிய கிழவர். அவர் கீழே வேலைக்குச் சேர்ந்த ஊர்க்காரர்களில் ஒருத்தன் கினாவி. முப்பது நாள் அள்ளினார்கள். முப்பத்தோராம் நாள் ஒரு சுவர் முழுசாக வெளியே வந்தது. இருபத்து மூன்று பெண்கள் வரிசையாக நடந்து போகிறார்கள், ஒருத்தி தலையில் ரொட்டிக் கூடை, ஒருத்தி கையில் வாத்து, ஒருத்தி தோளில் தண்ணீர்ச் சாடி, சேலைக் கரை மாதிரி மெல்லிசான சிவப்புச் சாயம்கூட ஓரங்களில் அழியாமல் இருந்தது. எல்லோரும் முன்னால் பார்க்கிறார்கள். கடைசிப் பெண் ஒருத்தி மட்டும் ஒரு கையைப் பின்னால் நீட்டியிருந்தாள், மணிக்கட்டோடு கல் முடிந்துபோயிருந்தது. அதற்கு அடுத்த கல் சுவரில் இல்லை, ஒரு முழம் அகலத்துக்குப் பொந்து.

அந்தக் கடைசிப் பெண்ணைத் தூரிகையால் துடைத்துவிட்டவன் கினாவிதான். சாயங்காலம் சாப்பிடும்போது தன் மனைவி பஹீஜாவிடம் அதைச் சொன்னான். யாரையோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள், யாரை என்றுதான் தெரியவில்லை, கல் தொலைந்துவிட்டது என்றான். பஹீஜா ரொட்டியைப் பிட்ட கை பிட்டபடியே நின்றது.

மறுநாள் விடியற்காலையில் தட்டல் தொடங்கியது.

விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கிற சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், பாலைவனப் பக்கத்து முதல் வீட்டு வாசற்படிக்கு அடியிலிருந்து மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. அடுத்த வீட்டுப் படிக்கு அடியில் மூன்று. இப்படியே வீடு வீடாக, ஒன்றையும் விடாமல், ஆற்றங்கரையில் இருக்கிற படகுக்காரர் வீடு வரைக்கும். அந்த நேரத்தில் கோயிலுக்குப் போய்ப் பார்த்த ரயீஸ், இருபத்து இரண்டு பெண்கள்தான் சுவரில் இருக்கிறார்கள், கடைசிப் பெண் நின்ற இடம் வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னார். வெயில் ஏறியதும் அவள் தன் இடத்தில் இருந்தாள். பாதத்தில் மட்டும் கரும்புத் தோட்டத்துச் சேறு. நிவீன் அம்மா அதைத் துடைக்கச் சொல்லிவிட்டு, அடிச்சுவரில் ஈரம் ஏறுகிறது என்று குறிப்பு எழுதிக்கொண்டார். அப்புறம் தினமும் காலையில் அந்தப் பாதங்களைத் துடைப்பதற்கென்றே ஓர் ஆளைப் போட்டார்.

ஊர் என்றால் எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்ளும், வேறென்ன செய்யும். முதல் மூன்று நாள் பயந்தார்கள். இமாம் ஒவ்வொரு படியிலும் நின்று ஓதினார். ஓதி முடிக்கிறவரைக்கும் தட்டல் மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, அவர் நகர்ந்ததும் மூன்று தட்டு தட்டியது. நாலாம் நாளிலிருந்து அதை நம்பி, பாங்கு சொல்கிற மோதினார் கொஞ்சம் கூடுதலாகத் தூங்க ஆரம்பித்தார். எழுப்பினால் எழுந்திருக்காத புருஷன்மார்களுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. ஒரு நாள் எப்படியோ செருப்புத் தைக்கிறவன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது, அதற்கு அவன் பெண்டாட்டி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள், நம் வீடு மட்டும் என்ன இளப்பமா என்று. ஒருத்தர்கூடக் கதவைத் திறக்கவில்லை. பேர் சொல்லாமல் தட்டினால் விடிவதற்கு முன்னால் கதவைத் திறப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

ஆனால் ரொட்டி கெட்டுப்போனது. அந்த ஊர்ப் பெண்கள் விடியுமுன் மாவைப் பிசைந்து, களிமண் தட்டுகளில் உருட்டி வைத்து, மாடியில் வெயிலில் உப்பவிட்டுத்தான் அடுப்பில் போடுவார்கள். வெயில் ரொட்டி என்று அதற்குப் பேர். படியில் விழுந்த மூன்று தட்டு சுவர் வழியே ஏறி மாடிக்குப் போய், புளிக்கத் தொடங்கியிருந்த மாவை அப்படியே அமுக்கிவிட்டது. எவ்வளவு வெயில் அடித்தாலும் பிறகு அது எழும்பவில்லை. ஊர் முழுக்கத் தட்டை ரொட்டி. தட்டை ரொட்டியைத் தின்னலாம், விருந்து வைக்க முடியாது. பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு உப்பின ரொட்டி நூறு போகாவிட்டால் அங்கே கல்யாணமே இல்லை. பெருநாள் கழித்து நடக்க வேண்டிய மூன்று கல்யாணம் நின்றது. அதில் ஒன்று பஹீஜாவின் பக்கத்து வீட்டு ஸக்கிய்யாவின் மகளுடையது.

ஸக்கிய்யாவுக்குத்தான் எல்லாம் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால், பஹீஜாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் வயிறு திறக்காமல் இருந்தபோது, அந்த யோசனையைச் சொன்னதே அவள்தான். பழைய கோயில் கல்லைச் சுரண்டி அந்தத் தூளை ஆற்றுத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் பிள்ளை தரிக்கும் என்பது அந்தப் பெண்களுக்குத் தாய் சொல்லித் தெரிந்தது. எந்தக் கோயில் தூணைப் பார்த்தாலும் இடுப்பு உயரத்தில் பள்ளம் பள்ளமாக விரல் பதிகிற அளவுக்குக் குடைந்திருக்கும், எல்லாம் பெண்கள் சுரண்டியது. கோயில் மணலுக்குள் இருந்ததால் பஹீஜா எங்கே போவாள்? கினாவி நாற்பது நாள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது இரண்டு பேருமாகக் கடப்பாரை போட்டு அவள் வீட்டு வாசற்படிக் கல்லையே நிமிர்த்தினார்கள். அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஆறேழு வயசு இருக்கும், காதோரம் ஒற்றைச் சடை, ஒரு கையில் வாத்துக்குஞ்சு, மறு கையை முன்னால் நீட்டி யாரோ ஒரு பெரியவளின் விரல்களைப் பிடித்திருந்தாள். அந்தப் பெரியவளின் விரல்கள் மட்டும்தான் இந்தக் கல்லில், மிச்சம் வேறு எங்கோ.

ஏழு வெள்ளிக்கிழமை. முதல் வெள்ளி சடை, அப்புறம் நெற்றி, கண், வாய், கழுத்து, வயிறு, கடைசி வெள்ளி காலும் வாத்துக்குஞ்சும். பஹீஜா கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டிக் குடித்தாள். பிடித்திருந்த விரல்களை மட்டும் சுரண்ட அவளுக்கு மனசு வரவில்லை, விட்டுவிட்டாள். கல்லைப் பழையபடி கவிழ்த்து மண்ணைத் தள்ளி மூடினார்கள். பத்தாம் மாசம் நவாரா பிறந்தாள்.

நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான், யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ளாமல் அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. அம்மா கை, அப்பா கை, எதுவும் கிடைக்காவிட்டால் கழுதையின் வால். தூங்கும்போதும் ஒரு விரல் வேண்டும். பஹீஜா ஏழு வருஷமாக ஒற்றைக் கையால் மாவு பிசைந்தாள், ஒற்றைக் கையால் துணி அலசினாள், சலித்துக்கொண்டதே இல்லை. ஒன்பது வருஷம் வெறும் கையோடு இருந்தவளுக்கு அது ஒரு பாரமா?

இப்போது விடியற்காலையில் தட்டல் நாற்பத்தோராவது வீடான தன் வீட்டுக்கு வரும்போது, நவாரா படுக்கையில் எழுந்து உட்காருவதைப் பஹீஜா பார்த்தாள். பிள்ளை பயப்படவில்லை, அதுதான் பஹீஜாவைக் கொன்றது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் அவள் கேட்டாள்:

"ஏம்மா யாருமே கதவைத் திறக்க மாட்டேங்கிறீங்க?"

அன்றிலிருந்து பஹீஜா தன் தலைத்துணியின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறுமுனையைப் பிள்ளையின் மணிக்கட்டிலும் முடிந்துகொண்டு படுத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. பகலில் சுவர்ப் பக்கமே போகவில்லை, ஆனால் கண்ணை மூடினால் அந்த நீட்டிய கைதான் தெரிந்தது. நான் எடுத்துக்கொண்டது ஒரு கல், கல்லுக்கு என்ன உயிரா, தாயா பிள்ளையா என்று தனக்குத்தானே நூறு முறை சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே பிள்ளையின் விரல் அவள் விரலை இறுக்கும்.

நிவீன் அம்மாவுக்குத் தொலைந்த கல் வேண்டும், ஊருக்கு ரொட்டி வேண்டும். இரண்டும் ஒரு நாள் ஒன்று சேர்ந்தது. எண்பது வாசற்படியையும் நிமிர்த்திப் பார்த்துவிடலாம், பொந்துக்குப் பொருந்துகிற கல் கிடைத்தால் அந்தப் பெண் இந்த அலைச்சலை விட்டுவிடுவாள் என்று ரயீஸ் சொன்னார், யாரும் மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் படி. முதல் நாள் ஒரு காளையின் பாதி கிடைத்தது, இரண்டாம் நாள் ஒரு படகு, அப்புறம் வரிசை வரிசையாக நட்சத்திரம், ராஜாவின் முழங்கால், ஒரு தட்டு நிறைய வெள்ளரிக்காய். தங்கள் காலடியில் இத்தனை நாள் இதெல்லாம் கிடந்ததா என்று ஊரே வாயைப் பிளந்தது. பஹீஜா ஒவ்வொரு நாளும் வீட்டை எண்ணினாள். ஆறாம் நாள் காலையில் கடப்பாரையோடு வாசலில் வந்து நின்றவர்களில் அவள் புருஷனும் இருந்தான்.

கல்லை நிமிர்த்தினார்கள். மண்ணைத் துடைத்தார்கள். ஏழு பள்ளம், வழவழவென்று, ஆள் உருவத்தில். ஓரத்தில் மட்டும் பெரிய விரல்களைப் பிடித்திருக்கிற ஒரு சின்னக் கை.

அந்தப் பள்ளம் எதனால் விழும் என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பெண்கள் மனசுக்குள் வருஷத்தை எண்ணிப் பார்த்தார்கள், பிறகு எல்லோருடைய பார்வையும், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேதான், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நவாராவின் மேல் போய் விழுந்தது. கினாவி குனிந்து அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தான்.

பொந்தில் கச்சிதமாக உட்கார்ந்தது கல். மணிக்கட்டும் விரலும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. மறுநாள் விடியற்காலையில் எழுபத்தொன்பது வீட்டில் தட்டல் இல்லை, மாவு பொங்கிப் பொங்கித் தட்டைவிட்டு வழிந்தது, ஊரே ரொட்டி வாசத்தில் மிதந்தது. நாற்பத்தோராவது வீட்டில் மட்டும், கல்லைப் பெயர்த்த இடத்தில் இருந்த வெறும் மண்ணுக்கு அடியிலிருந்து, பாங்குக்கு முன் தொடங்கி வெயில் ஏறுகிறவரை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் அந்தக் கல் பெண் தேடிக்கொண்டிருந்தாள், இப்போது எந்த வீடு என்று தெரிந்துவிட்டது.

ஊர் தன் கல்யாண வேலையைப் பார்க்கப் போனது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. நிறையப் பேர் பஹீஜாவுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் தங்கள் பிள்ளைகளை நவாராவோடு விளையாட விடவில்லை, அவள் யார் கையையாவது பிடித்துக்கொண்டு போய்விடுவாளோ என்று. ஸக்கிய்யா நூறு ரொட்டியைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, அழுதபடி, நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கினாவி இரண்டு நாள் கோயில் வேலையிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் கேட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டான். சூயஸில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம், அங்கே சிமெண்ட் வீடு, பழைய கல் ஒன்றுகூடக் கிடையாது என்றான். பஹீஜா யோசித்துப் பார்த்தாள். காணாமல் போன பிள்ளையைத் தேடி எண்பது வீட்டைத் தட்டினவள், எண்ணாயிரம் வீட்டைத் தட்டமாட்டாளா? தானாக இருந்தால் தட்டியிருப்பாள். இந்த இடத்தில்தான் அவளுக்கு முதல் முறையாக அந்தக் கல் பெண்ணின் மேல் பயம் போய், வேறு ஒன்று வந்தது. இமாம் ஓதினார், ரயீஸ் கல்லை வைத்தார், எல்லோரும் தட்டலை நிறுத்தத்தான் பார்த்தார்கள். கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

மறுநாள் தட்டல் கேட்டதும் அவள் துணி முடிச்சை அவிழ்த்துவிட்டு, கதவைத் திறந்து, வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை மண்ணில் வைத்தாள், அடியில் தட்டுவது கையில் தெரிந்தது.

"இங்கதான் இருக்கா," என்றாள். "நல்லா இருக்கா. நான்தான் குடிச்சேன். தெரியாம இல்ல, தெரிஞ்சுதான் குடிச்சேன், ஒன்பது வருஷத் தாகம். நேத்து ராத்திரி பருப்பும் வெங்காயமும் சாப்பிட்டா. கீரை போட்டா துப்பிடுவா. இப்பத் தூங்கறா, இடது பக்கமா ஒருக்களிச்சு."

தட்டல் நின்றது.

அதுமுதல் தினமும் அப்படித்தான். விடியுமுன் ஒரே ஒரு தட்டு, பஹீஜா போய் உட்கார்ந்து முதல் நாள் நடந்ததைச் சொல்வாள். காய்ச்சல் வந்தது, விட்டது. எழுத்துப் படிக்கிறாள். ஆட்டுக்குட்டி செத்ததற்கு அழுதாள். நல்லதை மட்டும் சொல்லி ஒரு நாள் முடித்துக்கொள்ளப் பார்த்தபோது மண்ணுக்கு அடியில் இன்னொரு தட்டு விழுந்தது, பஹீஜா வெட்கப்பட்டுப்போய், கோபத்தில் பிள்ளையை அடித்ததையும் சொன்னாள். ஊர்க்காரர்கள் பாங்கு நேரத்தில் அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள், இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் எதற்கு நிற்பது என்று. ஆனாலும் பஹீஜாவின் பயம் முழுசாக ஓயவில்லை. சொல்லிச் சொல்லி எத்தனை நாள் ஒரு தாயை நிறுத்தி வைக்க முடியும்?

அறுவடைக்கு முன்னால் நவாராவின் முதல் பல் விழுந்தது. பல் விழுந்தால் அங்கே பிள்ளைகள் சூரியனைப் பார்த்து எறிவார்கள், இந்தக் கழுதைப் பல்லை எடுத்துக்கொண்டு கல்யாணப்பெண் பல்லைக் கொடு என்று கேட்பார்கள். நவாரா எறியக் கையை ஓங்கினாள். பஹீஜா பிடித்துக்கொண்டாள். தன் வயிற்றுக்குள் போன கல் இத்தனை வருஷத்தில் எலும்பாகி, பல்லாகி, இதோ வெளியே வந்திருக்கிறது. இதை வெயிலுக்கு எறிய எனக்கு என்ன உரிமை என்று அவளுக்குத் தோன்றியது.

உச்சிவெயிலில், வேலையாட்கள் நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். கினாவி எழுந்தான், ரயீஸ் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சுவருக்குப் பத்தடி முன்னால் நவாரா நின்றாள். அவளுடைய விரல்கள் அம்மாவின் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக யாரையும் பிடிக்காமல் அவள் நடந்தாள். பஹீஜாவின் தொண்டை வரைக்கும் வந்தது அவள் பேர், கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். பஹீஜா கூப்பிடவில்லை. உயிர் போகிற மாதிரி இருந்தது, கூப்பிடவில்லை.

நவாரா அந்த வெற்றுப் பள்ளத்தின் முன்னால் நின்று, வாய் இருந்த இடத்தில் பல்லை வைத்து அழுத்தினாள். அது அங்கேயே ஒட்டிக்கொண்டது; பின்னாளில் நிவீன் அம்மா ஊசியால் நெம்பியும் வரவில்லை. பிறகு எட்டி, அந்தக் கல் பெண்ணின் நீட்டிய கையை மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் ஒருமுறை தடவினாள். வெகுநேரம் என்று பஹீஜாவுக்குத் தோன்றியது, நாலு மூச்சுக்குமேல் இருக்காது என்று ரயீஸ் சொல்வார். திரும்பி வந்தாள். அம்மா நீட்டிய கையைப் பார்க்காமல் தாண்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, கரும்புத் தோட்டத்து வழியே வீட்டுக்கு ஓடினாள்.

மறுநாள் தட்டல் வரவில்லை. பஹீஜா முதலில் பிள்ளையின் படுக்கைக்கு ஓடிப் பார்த்தாள். இருந்தாள், இரண்டு கையையும் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, யார் விரலையும் பிடிக்காமல், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பஹீஜா வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். பாங்கு சொல்லி முடிந்தது. மண்ணில் கையை வைத்துக் காத்திருந்து பார்த்தாள், ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"சாப்பிட்டா. ஓடறா, பிடிக்க முடியல. என் கை மட்டும் பழக்கத்துல இன்னும் பின்னால நீளுது, நடக்கும்போது நேத்து ரெண்டு பேர் பார்த்துச் சிரிச்சாங்க. நீ எத்தனை வருஷமா அப்படி நின்னே, அக்கா?"